எடுத்ததைக் கேட்பவர்

ஒரு பழைய பாட்டைச் சுத்தம் செய்து முடித்ததும் அவர் முதலில் கேட்பது, அதிலிருந்து நீக்கிய குப்பையைத்தான். முதலியார்பேட்டையில் அவர் வீட்டு மாடியறையில் இருந்த கருவிகளுக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. இரைச்சலைக் குறைக்கும் பெட்டி. அதில் ஒரு சின்ன விசை. மேலே தள்ளினால் இரைச்சல் போன பாட்டு கேட்கும். கீழே தள்ளினால் போன இரைச்சல் மட்டும் கேட்கும். அந்தப் பெட்டியை வாங்கும் யாரும் விசையை மேலே வைத்துவிட்டு அப்படியே மறந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். அவருடைய பெட்டியில் கீழ்ப்பக்கத்தில்தான் பெயின்ட் தேய்ந்து தகரம் தெரிந்தது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, அந்தக் குப்பையைக் கேட்பார். நாடாவின் சீறல், மின்சாரத்தின் முனகல், மண்டபத்து ஜெனரேட்டர். பாட்டு ஓடும் நேரம் முழுக்கக் கேட்டுவிட்டு, ஒரு காதை மட்டும் விடுவித்து, அறையில் யார் இருக்கிறார்களோ அவர்களைப் பார்த்துக் கேட்பார்:

"ஏதாச்சும் போயிடுச்சா?"

கேசட் கொண்டுவந்தவர்களுக்கு அந்தக் கேள்வி புரியாது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால், ஏதோ தவறு செய்துவிட்டு வந்து நிற்பவர் போல இருக்கும். அதனால் எல்லோரும் அவசரமாக, "ஒன்னும் போவலண்ணே, சூப்பரா இருக்குது" என்பார்கள். அவருக்கு அது போதாது. மறுபடி விசையைக் கீழே தள்ளுவார்.

"ஊருல எல்லாரும் குப்பையைக் கூட்டி வெளிய தள்ளுவாங்க," என்பார் அவர் மனைவி. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். "இவரு கூட்டுன குப்பையைப் பக்கத்துல வச்சிக்கிட்டு உக்காந்து எண்ணுவாரு."

நான் அரசு அலுவலகத்தில் வரைபடம் வரைபவனாக இருந்தேன். சிறு வயதிலிருந்தே, கல்யாண வீடு, தேர்த் திருவிழா, கோயில் கச்சேரி, மாதா திருநாள் என்று எங்கே இசை கேட்டாலும் சின்ன டேப் ரெக்கார்டரோடு போய் நிற்பது என் பழக்கம். இருநூறுக்கு மேல் கேசட்டுகள் சேர்ந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் தேதி, கிழமை, இடம், வாசித்தவர் எழுதியிருப்பேன். தேதி சரியாக இருந்தது, பதிவுதான் மோசம். மேடைக்குப் பின்னால் நின்று எடுத்ததால் பாத்திரம் கழுவும் சத்தமே பாதி. ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு நண்பர் சொல்லி அவரிடம் போனேன். முதல் நாளே என் கேசட் முதுகைப் படித்துவிட்டு, "வாங்க ரைட்டரே" என்றார். கடைசிவரை அதுதான் என் பெயர்.

அந்த வாரமே ஒன்று நடந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு அம்மா, இறந்துபோன கணவர் பஜனைப் பாட்டுப் பாடிய கேசட்டைக் கொண்டுவந்தார். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து வீட்டிலேயே பதிந்தது. பெட்டி மின்விசிறியைத் துடைத்து எடுத்துவிட்டது. குரல் பளிச்சென்று வந்தது. அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்தேன். அவர் விசையைக் கீழே தள்ளி, ஸ்பீக்கரில் போட்டார். மின்விசிறி வெறுமனே சுற்றும் சத்தம். அதற்குள், ஒவ்வொரு அடி முடிந்ததும், மெல்லிசாக ஒரு இழுப்பு.

"மூச்சு குப்பையில கெடக்குது," என்றார்.

"போவட்டும்ண்ணே. பாட்டு இருக்குது இல்ல?" என்றார் அந்த அம்மா.

"மூச்சு இல்லாமத்தான் பாடுனாராம்மா உங்க வூட்டுக்காரரு?"

மூன்று நாள் எடுத்துக்கொண்டார். மின்விசிறியில் கொஞ்சத்தை விட்டுவைத்தால்தான் மூச்சைக் காப்பாற்ற முடிந்தது. அந்த அம்மாவுக்கு முதலில் திருப்தி இல்லை. முன்னே கேட்டதுதான் நன்றாக இருந்தது என்று என்னிடமே குறைபட்டார். சில மாதம் கழித்துக் கடைத்தெருவில் பார்த்தபோது, "அவரு அடுத்த அடிக்கு ரெடியாவறது கேக்குது சார்" என்றார்.

அப்படிப்பட்ட காது அது. அந்தக் காது போகத் தொடங்கியிருக்கிறது என்பது அவருக்கு முன்பே எனக்குத் தெரிந்துபோனது. நான் சொல்லவில்லை. அவரைப் பற்றி எதை நினைத்தாலும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறேன்.

அவர் முப்பது ஆண்டு பஞ்சாலையில், தறிக்கூடத்தில் எலெக்ட்ரீஷியன். நூறு தறி ஒன்றாக ஓடும் இடத்தில் யாரும் யாரிடமும் பேசிக் கேட்க முடியாது. அங்கே வேலை செய்த எல்லோருக்கும் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிக்கத் தெரியும். பத்தடி தள்ளி நின்று மேஸ்திரியைத் திட்டினால்கூட மேஸ்திரி பதிலுக்குத் திட்டுவாராம். மில்லில் ஆண்டுக்கு ஒருமுறை காது பார்க்க ஆள் வருவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவார். இந்தப் பக்கம் சத்தம் கேட்டால் கை தூக்க வேண்டும்.

"எவன் சத்தத்தைக் கேட்டான்? அந்தாளு பொத்தானை அமுக்கறப்போ தோளு லேசா எறங்கும். தோளப் பாத்துக் கையைத் தூக்குவோம். மில்லே பாஸு!"

இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை.

தெருமுனையில் ஒரு டீக்கடை. காலையில் பக்திப் பாட்டு, பிறகு சினிமாப் பாட்டு. ஸ்பீக்கர் மட்டமானது, பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். அவரால் பொறுக்க முடியாது. டீயைக் கையில் வாங்கியதும் உள்ளே போய், குமிழை இரண்டு திருகு திருகி, கூர்மையைக் கூட்டிவிட்டு வருவார். பாட்டு போர்வையை உதறிக்கொண்டு எழுந்துவிடும். மாஸ்டர் பெருமையாக எங்களிடம், "பாத்தீங்களா? அண்ணன் கை பட்டா பாட்டு குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்குது" என்பார்.

பெருந்தொற்றெல்லாம் முடிந்து கடை மறுபடி திறந்திருந்த காலத்தில், ஒரு காலை அதே போலப் போய்த் திருகினார். பெஞ்சில் இருந்த ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"யோவ் மாஸ்டர், என்னாய்யா, ஈயச் சட்டியை சொரண்டுற மாதிரி கத்துது!"

"அண்ணே, கொறைங்கண்ணே, காது கிழியுது," என்றார் மாஸ்டர்.

அவர் குழப்பத்தோடு குமிழைப் பார்த்தார். "இப்பத்தானப்பா தெளிவா இருக்குது" என்றார். பிறகு குறைத்தார். திரும்பி நடக்கும்போது, "ஸ்பீக்கர் போயிடுச்சு போல" என்றார் என்னிடம். நான் ஆமாம் என்றேன். அன்று எனக்கு அது ஸ்பீக்கர்தான்.

எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் பழைய கேசட் ஒன்றை, ஒரு கல்யாண ஊர்வலத்தில் எடுத்த நாகஸ்வரத்தை, அவர் பல ஆண்டுகளுக்கு முன்பே சுத்தம் செய்து தந்திருந்தார். அந்தக் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி கொடுத்தேன். செய்து தந்தார். பிறகு பழைய கோப்பும் இன்னொரு கணினியில் கிடைத்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டேன். பழையதில் தவிலின் வலந்தலைத் தோல் தெறித்தது. நாகஸ்வரம் வெயிலில் நின்றது. புதியதில் நாடாவின் சீறல் எண்ணெய்ச் சட்டி போல அப்படியே கிடந்தது. அதன்மேல் நாகஸ்வரம் கம்பியை இழுத்தது போலக் கீச்சிட்டது. சீறல் அவருக்குக் கேட்கவில்லை, அதனால் எடுக்கவில்லை. மேல் ஸ்தாயியின் கூர்மை அவருக்குப் போதவில்லை. அதனால் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்.

நான் எதையும் தேதியோடு வைக்கிறவன். அவர் சுத்தம் செய்து தந்த ஒவ்வொரு கோப்புக்கும், தந்த தேதியைப் பெயரிலேயே எழுதியிருந்தேன். அன்று பிற்பகல் முழுக்க அவற்றை வரிசையாகக் கேட்டேன். குறிப்பிட்ட ஒரு மாதம் வரை சரியாக இருந்தன. அதற்கு அடுத்த மாதத்தில் 'ஸ'வும் 'ச'வும் கொஞ்சம் கூராகின்றன. அடுத்தடுத்து இன்னும். கடைசியில் இருந்தவற்றை என்னால் ஹெட்போனில் கேட்க முடியவில்லை. ஒரு மனிதரின் காது மூடிக்கொள்வதை நான் ஏணி போல ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்த்தேன்.

மறுநாள் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அந்த நாகஸ்வரத்தைப் பற்றி அவரே ஆரம்பித்தார்.

"கேட்டீங்களா ரைட்டரே? ஏதாச்சும் போயிடுச்சா?"

அண்ணி காபியோடு படியேறி வந்துகொண்டிருந்தார். அதற்கு முந்தின மாதம்தான் அவர், மில்லில் தன்னோடு வேலை பார்த்த ஒருவருக்குக் காது முழுக்க அடைத்துப்போனதைப் பற்றிச் சொல்லி, "எனக்கு அப்பிடி ஆச்சுன்னா இந்த வூட்ல நானு இன்னொரு பீரோ, அவ்ளோதான்" என்றிருந்தார். அது நினைவுக்கு வந்தது. அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்னும் போவலண்ணே," என்றேன்.

அன்று இரவு நோட்டில் தேதி போட்டு எழுதினேன்: தெரியும். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் வீட்டில் ஒவ்வொன்றும் எனக்குப் பதற்றம் தந்தது. பேச்சில் கண்டுபிடிக்கவே முடியாது. எதிரில் நின்று பேசினால் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்வார். முதுகைக் காட்டி நின்றால்தான் தெரியும். ஒருநாள் அண்ணி மாடிப்படியில் நின்று சத்தம் போட்டார்.

"நீங்களே கேளுங்க! மூணு விசில் வந்தா அடுப்ப அமத்துங்கன்னு சொல்லிட்டு ரேஷன் கடைக்குப் போனன். வந்து பாத்தா பருப்பு பாயசமா போச்சு. கேட்டா, ஒரு விசிலுகூட வரலன்றாரு. எதிர் வூட்டுக்காரி வந்து ஒம்போதுன்றா!"

"விசிலு வந்தா எனக்குக் கேக்காதா?" என்றார் அவர் சிரித்துக்கொண்டே. "குண்டு ஓட்டை அடைச்சிக்கிச்சு. புதுசு வாங்கு."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளரைப் பார்த்தேன். அண்ணிக்கும் தெரியும் என்று அப்போது நினைத்தேன். ஒருவரை ஒருவர் பார்த்து, மற்றவர் சொல்லட்டும் என்று இருவரும் காத்திருந்தோம்.

ஒருமுறை, எனக்குக் காது இரைகிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், துணைக்கு வாருங்கள், நீங்களும் சும்மா ஒரு டெஸ்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று கூப்பிட்டேன். துணைக்கு வந்தார். டெஸ்ட் எடுக்க மறுத்தார். "நீங்க பாருங்க. எனக்கு என்னா, தோளைப் பாத்தே பாஸாயிடுவன்" என்றார். எனக்கு இரைச்சல் எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னபோது அவருக்குத்தான் அதிக மகிழ்ச்சி.

பிறகு நான் செய்ததெல்லாம் கோழைத்தனம். யாராவது அவரைப் பற்றி விசாரித்தால், "இப்ப வேலை எடுக்கறதில்லை" என்றேன். அப்படி நான்கு பேரைத் திருப்பினேன். என் கேசட்டுகளில் பிழையானாலும் பரவாயில்லை என்பவற்றை மட்டும் கொடுத்து அவர் கைக்கு வேலை வைத்தேன். ஆனால் என்னைக் கேட்காமல் நேராக அவரிடம் போனவர்களும் இருந்தார்கள்.

உப்பளம் பகுதியிலிருந்து வேறொரு அம்மா போன் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சொல்தா குடும்பம், அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர். மூன்று ஆண்டுக்கு முன்பு ஒரு திருநாளில் பார்த்தபோது, நான்தான் இவரைப் பற்றி வானளாவப் புகழ்ந்திருந்தேன்.

"நீங்க சொன்னீங்களே, அந்த முசே, அவர்கிட்ட பேசிட்டேன். எங்க அம்மா பாட்டு. ஸ்பூல் டேப்பு. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காரு. நீங்களும் வந்தா எனக்குத் தைரியமா இருக்கும்."

"ஸ்பூலா? வேற பதிவு ஏதும் இல்லையா?"

"அது ஒன்னுதான். அம்மா போனப்ப எனக்கு நாலு வயசு. தம்பி கைக்கொழந்தை. அவனுக்கு அம்மா கொரலே ஞாபகத்துல இல்ல. வீட்ல ரெக்கார்டரு ரிப்பேராகி நாப்பது வருஷமாச்சு."

போனை வைத்துவிட்டு முதலியார்பேட்டைக்கு ஓடினேன். அந்த அம்மா கொடுத்தனுப்பிய ஸ்பூல் ஏற்கெனவே அங்கே இருந்தது. பழத்தை உலர்த்தும் சின்ன அடுப்புப் பெட்டியில் மிதமான சூட்டில் வைத்திருந்தார். இந்த வகை நாடா பழசானால் பசை இளகி ஒட்டிக்கொள்ளும். சூடு காட்டினால் கொஞ்ச நாளைக்கு இறுகும்.

"இது ரொம்ப மோசம் ரைட்டரே. ஓரமெல்லாம் உதிருது. ஒரு தடவதான் ஓட்டலாம். ரெண்டாவது ஓட்டுனா மாவாப் போயிடும்."

"அப்ப ரொம்பக் கவனமாச் செய்யணும்ண்ணே. சென்னையில யாராவது..."

"சென்னையில இருக்கறவனுக்கு ரெண்டு காதுதான்," என்றார். சிரித்தார். "எனக்கும் ரெண்டுதான்."

அப்போதும் வாய் வரவில்லை. புதன்கிழமை முழுவதும் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

என் பயத்துக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. டேப்பைப் படிக்கும் சிறு உலோகத் தலை, பதிந்தபோது இருந்த அதே சாய்வில் நிற்க வேண்டும். ஒவ்வொரு ரெக்கார்டருக்கும் சாய்வு மயிரிழை வேறுபடும். பக்கத்தில் ஒரு திருகாணி இருக்கும். பாட்டு ஓடும்போதே அதைத் திருகி, 'ஸ' என்ற ஒலி எங்கே மிகக் கூர்மையாக வருகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். அதற்கு அவர் கருவியின் முள்ளைப் பார்க்கவே மாட்டார். காதால்தான். அந்த இடம் தவறினால், குரலின் மேல்பாதி பதிவாகவே ஆகாது. அதை எந்தப் பெட்டியாலும் பிறகு கொண்டுவர முடியாது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த அம்மா வந்தார். வெள்ளைச் சட்டை மாதிரி ஒரு கவுன், கையில் ஜெபமாலை. "போன்ழூர் முசே" என்று பிரெஞ்சில் 'வணக்கம் ஐயா' சொன்னார். அண்ணி என் பக்கம் குனிந்து, "இத்தினி வருசத்துல இவரை யாரும் முசேன்னு சொன்னதில்ல. இனிமே சாம்பாருக்கு உப்புப் பத்தலன்னு சொல்ல மாட்டாரு பாருங்க" என்றார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"மதாம், மொதல்ல யாரு பேசுவாங்க இதுல?" என்று அவர் கேட்டார்.

"அப்பா. மைக்கு வேல செய்யுதான்னு எண்ணுவாரு. ரெண்டு தடவ எண்ணுவாரு. அப்புறம் அம்மா பாடுவாங்க."

"அது போதும். அவரு எண்ணி முடிக்கறதுக்குள்ள நேராக்கிடுவன்."

ஸ்பூலைப் பொருத்தினார். ஸ்பீக்கரையும் போட்டுவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கணினியில் பதிவைத் தொடங்கினார். மெல்லிய திருப்புளியைத் திருகாணியில் வைத்தார். நாடா நகர்ந்தது. சேற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு ஆண் குரல் பிரெஞ்சில் எண்ணியது: அன், தொ, த்ருவா, காத்ர், சேங்க்...

அவர் திருகினார். 'சிஸ், செத்' என்று வந்தபோது குரல் சட்டென்று கண்ணாடி துடைத்தது போலத் தெளிந்தது. அந்த அம்மா மூச்சை உள்ளே இழுத்தார். அங்கேதான் நிற்க வேண்டும். அவர் நிற்கவில்லை. திருகிக்கொண்டே போனார். குரல் மறுபடி சேற்றில் இறங்கியது. 'திஸ்' என்று முடிந்தபோது 'ஸ'வே இல்லை. அவர் நெற்றி சுருங்கியது. நாடாவில் அந்த ஆள் ஏதோ பேசிக்கொண்டே போக, இவர் பின்னால் திருகினார், தெளிவான இடம் வந்து கடந்தது. முன்னால் திருகினார், மறுபடி கடந்தது. நாடா ஓடிக்கொண்டிருந்தது. தலையின் அடியில் பழுப்புத் தூள் விழத் தொடங்கியிருந்தது.

"அண்ணே, தாண்டிட்டீங்க," என்றேன். அவர் குனிந்திருந்தார், என் உதட்டைப் பார்க்கவில்லை. எழுந்து போய் அவர் கையைப் பிடித்தேன். "நிறுத்துங்கண்ணே!"

நாடாவை நிறுத்தினார்.

"என்னா தாண்டிட்டன்?"

"சிஸ், செத்னு வந்தப்போ தெளிஞ்ச எடம். மூணு தடவ நல்லா வந்துச்சு. மூணு தடவையும் தாண்டிட்டீங்க."

அவர் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கும் கேட்டுச்சுங்க," என்றார் அண்ணி, மிக மெதுவாக.

அந்த அம்மாவைப் பார்த்தார். "உங்களுக்குமா?"

அந்த அம்மாவுக்கு நடப்பது புரியவில்லை. தான் ஏதோ தப்பு செய்துவிட்டது போல, "வீ... ஆமாங்க" என்றார்.

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். உள்ளங்கையை முழங்காலில் துடைத்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றி, அதன் பட்டையை என் தலை அளவுக்குச் சரிசெய்து, என் தலையில் மாட்டினார். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, டேப் படிக்கும் தலையில் படிந்த தூளைத் துடைத்தார்.

"இன்னொரு தடவ எண்ணுவாரு இல்ல? நான் திருவறன். வந்த ஒடனே தோளைத் தட்டுங்க. யோசிக்காதீங்க. யோசிச்சா தாண்டிடும்."

நாடா நகர்ந்தது. அன், தொ, த்ருவா. சேறு. காத்ர். சேங்க். விளிம்பில் ஏதோ மின்னியது. சிஸ். தட்டினேன். திருப்புளி அதே இடத்தில் நின்றது. செத், உயித், நெஃப், திஸ். ஒவ்வொரு எழுத்தும் அறைக்குள் நின்றது. பிறகு அந்த ஆள் தமிழில், "ம், பாடு" என்றார்.

நான்கு நிமிடம் பாடினார் அந்தத் தாய். ஒரு தாலாட்டு. எனக்குப் பாட்டு நினைவில்லை. தூள் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் கணினியிலிருந்து மறுபடி ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார். அந்த அம்மா ஜெபமாலையை விட்டுவிட்டு, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குந்தினார்.

"அம்மாவுக்கு ஜலதோஷம்," என்றார். சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியவில்லை. "மூக்கடைச்சிக்கிட்டே பாடுறாங்க. யாரும் எனக்குச் சொல்லலியே!"

பென்டிரைவை வாங்கிக்கொண்டு அவர் எழுந்தபோது, இவர் சொன்னார்: "மதாம், இதை நான் கேட்டுச் செய்யல. இவருதான் கேட்டாரு. மொத எண்ணிக்கையில கொஞ்சம் கெட்டது என்னாலதான். அதையும் அப்பிடியே வச்சிருக்கேன்." அந்த அம்மா அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மெர்சி முசே" என்று நன்றி சொன்னார்.

ஆட்டோ போன சத்தம் அடங்கியது. அண்ணி தட்டில் மூன்று டம்ளரை வைத்துக்கொண்டு நின்றார். யாரும் எடுக்கவில்லை.

"ரைட்டரே, நோட்டு வச்சிருக்கீங்களா?"

"இருக்குதுண்ணே."

"எந்த மாசத்துலேர்ந்து என் வேலை கெட்டுச்சு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நோட்டைப் புரட்டி, மாதத்தையும் ஆண்டையும் சொன்னேன். அவர் அலமாரியிலிருந்து தன் நீள நோட்டை எடுத்தார். யார் கொண்டுவந்தார்கள், என்ன பாட்டு, போன் நம்பர் எல்லாம் பென்சிலில் எழுதியிருக்கும். நான் சொன்ன மாதத்திலிருந்து விரலை வைத்து இறங்கினார். என் கேசட்டுகளைச் சேர்க்கவில்லை.

"இருபத்தோரு பேரு."

பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?"

அந்தத் தேதிக்கு நோட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. சொன்னேன். ஒன்றே கால் ஆண்டுக்கு முந்தைய தேதி. அண்ணி தட்டைக் கீழே வைத்தார். "எனக்கும் அதுக்குக் கொஞ்ச நாள்லயே தெரிஞ்சுச்சுங்க. பருப்பு கரைஞ்ச அன்னிக்கே," என்றார். அவர் அண்ணியைக் கோபித்துக்கொள்ளவில்லை. என்னையும்தான். அளவுகோலை எடுத்து, அந்தத் தேதி எங்கே வருகிறதோ அங்கே நோட்டில் குறுக்கே ஒரு கோடு போட்டார். அவர் போட்ட கோட்டைப் போல நேரான கோட்டை நான் அலுவலகத்தில் முப்பது ஆண்டிலும் போட்டதில்லை. கோட்டுக்கு மேலே பதினான்கு பேர். கீழே ஏழு.

"மேல இருக்கறவங்க எனக்குத் தெரியாம கெட்டது. நான் பேசுறன். கீழ இருக்கற ஏழு பேரு உங்களுக்குத் தெரிஞ்சு கெட்டது. நீங்க பேசுங்க."

"என்னான்னு பேசுறதுண்ணே?"

"நடந்ததைச் சொல்லுங்க. பழைய டேப்பு இருந்தா பத்திரமா வைக்கச் சொல்லுங்க. காது நல்லா இருக்கற ஆளாப் பாத்து நம்ம செலவுலயே செஞ்சு குடுப்போம்."

"டேப்பைத் தூக்கிப் போட்டிருந்தா?"

அவர் அதற்குள் முதல் எண்ணை அழுத்தியிருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, "அம்மா, நான் டேப்புக்காரன் பேசுறன். ஒரு தப்பு நடந்துபோச்சும்மா," என்று தொடங்கினார்.

நானும் என் பங்கில் முதல் பெயரை எடுத்தேன். நான்கைந்து மணி அடித்து ஒரு பெண் எடுத்தார். யார் என்று சொன்னேன். அவருடைய அப்பா ஆர்மோனியம் வாசித்த கேசட்டைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா சார்? அதான் சுத்தம் பண்ணி போன்ல போட்டுக் குடுத்தாரே. கொஞ்சம் கீச்சுன்னு இருக்குது, பழசுன்னா அப்பிடித்தான்னு விட்டுட்டோம்."

"அந்தக் கேசட்டு இருக்குதாம்மா?"

"கேசட்டா?" அவர் நிறுத்தினார். "போன மாசம்தான் வீட்டை ஒழிச்சோம் சார். பழைய சாமானெல்லாம் போட்டோம்... இருங்க, பாத்துட்டு வரன். வச்சிடாதீங்க."

போனை எதன் மேலோ வைத்தார். செருப்பில்லாத கால் நடந்து போனது. இரும்பு பீரோவின் கைப்பிடி திரும்பியது. ஒரு டப்பா திறந்தது, மூடியது. இன்னொரு டப்பா. நான் ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டுக்கொண்டு நின்றேன். வெகுநேரம் ஆயிற்று.

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்று அந்த வீட்டின் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இருக்கேன்மா," என்றேன். "தேடுங்க. இருக்கேன்."